ஒற்றைப் பொத்தான்

மதிய வெயில் கண்ணாடி ஜாடிகளுக்குள் புகுந்து பொத்தான்களின் நிறங்களை மேசைமேல் சிந்துகிறது. கடைகளைக் கணக்கெடுக்க வந்த அக்கா டேப்லெட் திரையைத் தட்டியபடி அப்பாவிடம் கேட்கிறாள். "மொத்த வியாபாரமா, சில்லறையாங்க? அதைப் பிரிக்க உலகம் முழுக்க இப்ப ஒரே அளவுகோல்தான். தொழிலுக்கு வாங்குறவங்க அதிகமா, தனக்குன்னு வாங்குறவங்க அதிகமா?" அப்பா சிரிக்கிறார். "எல்லாம் தையக்கடைக்காரங்கதாம்மா. தனக்குன்னு வாங்க ஒருத்தன் வருவான், எதிர்ப் பட்டறையிலேருந்து. ஒத்தப் பட்டன். அதெல்லாம் ஒரு வியாபாரமா?" "பாதிக்கு மேல எதுவோ அதுதாங்க கணக்கு," என்று அக்கா 'மொத்தம்' என்பதைத் தொடுகிறாள்.

ஜாடிகளுக்குப் பின்னால் நின்று நான் எதிர்ப் பட்டறையைப் பார்க்கிறேன். காலி செய்து போய்விட்டார்கள்; கதவில் பூட்டு தொங்குகிறது. வாரம் தவறாமல் அவன் வந்து ஒரு வெள்ளைப் பொத்தான் கேட்பான். அவன் சட்டையில் ஒருநாளும் பொத்தான் குறைந்ததில்லை. அப்பா அதைக் கவனித்ததில்லை. கடைசியாக வந்த அன்று ஏதோ சொல்ல வாயெடுத்தவன், அப்பா வருவதைக் கண்டு, காசை வைத்துவிட்டுப் பொத்தானை மறந்து போனான். அது இப்போது என் உள்ளங்கையில் வெதுவெதுப்பாக இருக்கிறது.

கிளம்பும்போது அக்கா தன் சட்டைக் கையைத் திருப்பிப் பார்க்கிறாள். "அட, பட்டன் விழுந்திருக்கு. வெள்ளையில ஒண்ணு குடும்மா." "பாத்தீங்களா, நீங்களே சில்லறையாயிட்டீங்க," என்கிறார் அப்பா. பிறகு என் பக்கம் திரும்பி, "கையிலயே வச்சிருக்கியே, அதைக் குடேன்."

"இது வித்துப் போச்சுப்பா," என்று சொல்லி, மற்ற கையை ஜாடிக்குள் விடுகிறேன்.