பின்வாசல் அணியின் கேப்டன்

விசாரணைக் குழுவின் தலைவி அந்தக் காட்சியை மறுபடியும் திரையில் ஓடவிட்டார்.

கணினித் துப்பாக்கி விளையாட்டின் இறுதிப் போட்டி, கடைசிச் சுற்று. எதிரணியில் ஒரே ஒருவன்தான் மிச்சம். அவனும் முதுகைக் காட்டிக்கொண்டு, கை நீட்டினால் தொடும் தூரத்தில் நிற்கிறான். கேப்டன் சுடுகிறான். குண்டுகள் எல்லாம் சுவரில் போய்ப் பதிகின்றன. எதிராளி நிதானமாகத் திரும்பி ஒரே ஒரு முறை சுடுகிறான்.

கோப்பை போய்விட்டது.

சின்னக் குழந்தை சுட்டிருந்தாலும் பட்டிருக்கும். ஆட்டத்தைப் பார்த்தவர்கள் எல்லாரும் இணையத்தில் ஒரே விஷயத்தைத்தான் எழுதிக்கொண்டிருந்தார்கள்: கேப்டன் விலை போய்விட்டான்.

ஹோட்டலின் கூட்ட அறையில், மேசைக்கு இந்தப் பக்கம் ஐந்து பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கேப்டன் நடுவில். பக்கத்து நாற்காலியில் அவன் தம்பி. அணியை ஆரம்பித்தவர்களில் இவர்கள் இரண்டு பேர்தான் மிச்சம்.

ஆரம்பித்தது ஒரு பிரவுசிங் சென்டரில். விடுமுறை நாட்களில் முன்பக்க ஷட்டர் மூடியிருக்கும். முதலாளி இவர்களைப் பின்வாசல் வழியாக உள்ளே விடுவார். முதல் போட்டிக்குப் பதிவு செய்யப் போனபோது, அணிக்கு என்ன பெயர் என்று கேட்டார்கள். அப்படி ஒன்று வேண்டும் என்பதே யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. தம்பிதான் வாய்க்கு வந்ததைச் சொன்னான்: பின்வாசல்.

அந்தப் பெயர்தான் பிறகு பனியனில் ஏறியது. அரங்கம் நிறைந்த கூட்டம் அந்தப் பெயரைச் சொல்லித் தொண்டை கிழியக் கத்தியது.

நடுவில் என்னென்னவோ நடந்தது. வணிக வளாகத்தில், செருப்புக் கடையை ஒட்டி மேசை போட்டு ஆடினார்கள். பயிற்சிக்கென்று ஒரு வீடு வந்தது, பயிற்சியாளர் வந்தார், இரண்டு கோப்பைகள் வந்தன. ஒருவன் மாமனார் பேச்சைக் கேட்டு வங்கி வேலைக்குப் போனான். குண்டன் என்று எல்லாரும் கூப்பிட்ட இன்னொருவன் வெளிநாடு போனான். எல்லாருக்கும் ஆட்டம் சொல்லிக் கொடுத்து வாத்தியார் என்று பெயரெடுத்தவன், எதிரணிக்கே வாத்தியாராகப் போய்ச் சேர்ந்தான். காலியான நாற்காலிகளில் புதியவர்கள் உட்கார்ந்தார்கள்.

இப்போது ஒரு பெரிய நிறுவனம் அணியை வாங்க வந்திருந்தது. தம்பிதான் அடுத்த கேப்டன் என்று பேச்சு. அந்த நேரம் பார்த்துத்தான் இப்படி ஆகிவிட்டது.

தலைவி சுற்றி வளைக்கவில்லை. யாரும் வாய் திறக்காவிட்டால் அணி மொத்தத்துக்கும் தடை என்றார். உடம்புக்கு ஏதாவது என்றால் தாராளமாகச் சொல்லலாம், எங்கள் மருத்துவர் பார்த்துவிட்டுச் சொல்லட்டும் என்றார். அவர் குரலில் பகை இல்லை.

தம்பி எழுந்துவிட்டான். அண்ணனுக்கு அன்றைக்குக் காய்ச்சல் என்றான். மவுஸ் மக்கர் பண்ணியது என்றான். ஒன்றோடொன்று ஒட்டாத காரணங்களாக அடுக்கினான். அண்ணன் செத்தாலும் அப்படிச் செய்ய மாட்டார் என்றான்.

"டாக்டர் பாக்கட்டும் மேடம். வேணும்னா எங்க எல்லாரையுமே பாக்கட்டும். எங்களுக்கு என்ன பயம்?"

கேப்டன் அவன் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தான்.

"டாக்டர்லாம் வேண்டாம். வேணும்னுதான் விட்டேன். நான் மட்டும்தான். இவங்க யாருக்கும் தெரியாது."

யார் சொல்லிச் செய்தாய் என்று கேட்டார்கள். போனில் பேசியவன், பெயர் தெரியாது என்றான். ஆயுள் தடை என்றார்கள். சரி என்றான். ஜெயித்த கோப்பைகளிலிருந்தும் அவன் பெயரை எடுத்துவிடுவோம் என்றார்கள். அதற்கும் தலையாட்டினான்.

மற்ற மூவரும் அவன் முகத்தைப் பார்க்காமல் வெளியே போனார்கள். தம்பி மட்டும் நின்றான். அடிப்பான் என்று கேப்டன் எதிர்பார்த்தான். அடித்திருந்தால் தேவலை.

"இனிமே யாராச்சும் கேட்டா, எனக்கு அண்ணன்னு ஒருத்தன் இல்லைன்னு சொல்லிடுவேன்."



அன்றைக்குக் கேப்டனின் குறி தப்பவில்லை. விரல்கள்தான் பேச்சைக் கேட்கவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் துள்ளின.

அம்மாவுக்கும் விரலில்தான் ஆரம்பித்தது. பிறகு கால். பிறகு நாக்கு. கடைசியில் பெற்ற பிள்ளையையே யாரென்று தெரியவில்லை. தம்பிக்கு விவரம் தெரியாத வயது, சித்தி வீட்டில் விட்டிருந்தார்கள். அம்மா காய்ச்சலில் போய்விட்டாள் என்றுதான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறான்.

போட்டி முடிந்த கையோடு கேப்டன் நரம்பு மருத்துவரிடம் போனான். இது அம்மா வழியில் வந்தது, மருந்து கிடையாது என்றார் அவர். கூடப் பிறந்தவர்களுக்கும் இருக்கலாம், யாராவது இருந்தால் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார்.

யாரும் இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்து வந்திருந்தான். ஆட முடிகிறவரை தம்பி ஆடட்டும்.

தம்பி கதவருகே நின்று ஜாக்கெட்டின் ஜிப்பை மாட்டப் பார்த்தான். மாட்டவில்லை. குனிந்து, இரண்டு கையாலும் பிடித்து மறுபடி முயன்றான். விரல்கள் வழுக்கிக்கொண்டே இருந்தன. கடைசியில் அப்படியே விட்டுவிட்டு, கதவைத் தள்ளிக்கொண்டு போனான்.

கோபம்தான் என்று கேப்டன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். கோபத்தில் யாருக்கும் கை நடுங்கும்.