ஸாரிக்கு அடுத்த அர்த்தம்

ஆஸ்பத்திரியில் லூர்தம்மாளின் புருஷனை உள்ளே கொண்டுபோன கதவு திறந்தது. வெளியே வந்த டாக்டர் "ஸாரிம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார். அவள் கொழுந்தன் கஸ்பாரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அதுக்கு என்னென்ன அர்த்தம் இருக்குன்னு போன்ல பாரு, தம்பி."

அவனுக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் பார்த்தான். "மன்னிக்கணும்னு போட்டிருக்கு, மதினி."

"டாக்டரு என்ன தப்பு செஞ்சாரு? அடுத்தது?"

"வருத்தம்."

"அடுத்தது?"

அர்த்தங்கள் தீர்ந்துபோய், அந்தச் சொல் பிறந்த கதை வந்தது. அவன் அதையும் வாசித்தான். "ஆதியில வலிங்கிற சொல்லுல இருந்து வந்துச்சாம்."

"வலியா?" அவள் முகம் தெளிந்தது. எழுந்து ஓடி, மூடிய கதவை இரண்டு கையாலும் அறைந்தாள்.

"அவருக்கு வலிக்குதாம்! யாராவது ஊசி போடுங்களேன்!"