கழுத்தில் படும் மூச்சு

எண்ணூரிலிருந்து கிளம்பிய மின்ரயிலில், மதிய வெயில் விழும் ஜன்னலோரம், இக்னேஷியஸ் கௌபாய் நாவலை விரித்து வைத்திருக்கிறார். பாறைக்குப் பின்னால் ஷெரிப் பதுங்கியிருக்கிறார். குதிரை மூக்கை விடைக்கிறது. ஆனால் இவர் கழுத்தில் படுவதோ பக்கத்து இருக்கைக்காரனின் மூச்சு. சட்டையெல்லாம் சாம்பல் படிந்த ஆள், கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கி வருகிறான். இவர் சட்டைப்பையில் மகள் ரூத் முதல் சம்பளத்தில் வாங்கித் தந்த போன். இக்னேஷியஸ் வீராதிவீரராக அதை ஒரு கையால் அமுக்கிக்கொள்கிறார். மறுகையால் பக்கத்தைத் திருப்புகிறார். சடாரென்று அவர் மணிக்கட்டைப் பிடிக்கிறான். மாதாவே! "இன்னா அண்ணாத்த, நீ பாட்டுக்குத் திருப்பிக்கினு போற? எனக்கு இன்னும் நாலு வரி கீது, இரு!" இக்னேஷியஸ் பக்கத்தைப் பழையபடி விரிக்கிறார். அவன் உதடுகள் மெல்ல எழுத்துக்கூட்டுகின்றன. திருவொற்றியூர் வந்து, நின்று, போகிறது. அங்கே இறங்க வேண்டியவர் புத்தகத்தை அசையாமல் பிடித்திருக்கிறார்.