அகல டயர்

"நிறுத்துய்யா! யாரைக் கேட்டு அந்த டயரை எடுத்து வெச்ச?"

பைக்குக்கு ஸ்டாண்டு கூடப் போடாமல் சுவரில் சாய்த்துவிட்டு டயர் கடைக்குள் பாய்ந்தார் முருகவேல்.

கடைக்காரர் ஜெபஸ்டின் ஜாக்கியோடு நிமிர்ந்தார். வாசலில் உழவர் குழுவின் மினி டிராக்டர் நின்றிருந்தது. பின் டயர் இரண்டும் தேய்ந்து மொட்டை. பக்கத்தில் அதை ஓட்டும் ராஜவேலு. குழுவின் செயலாளர் ப்ளெஸ்ஸி கடை வாசலிலேயே நின்றிருந்தாள்.

"இவங்கதாங்க எடுத்து வெக்கச் சொன்னாங்க" என்றார் ஜெபஸ்டின்.

"இவ சொன்னா? வண்டி இன்னா இவ வீட்டுச் சீதனமா? இருபது பேரு வண்டிப்பா அது!"

ப்ளெஸ்ஸி பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, இவ்ளோ ஒல்லியா டயர் போட்டா சேத்துல எப்படி நிக்கும்? போன நடவுல என் கழனியில வண்டி பாதி சக்கரம் எறங்கிப்போச்சு. நாலு பேரு கயிறு கட்டி இழுத்தோம். மறந்துட்டியா?"

"மறக்கலண்ணே."

"அப்புறம் இன்னா? ஜெபஸ்டின், நீ சொல்லுப்பா. களிமண்ணு, முழங்கால் சேறு. அதுக்கு எந்த டயரு?"

ஜெபஸ்டின் தயங்கினார். "அகல டயர்தாங்க. பாரம் பரவலா நிக்கும், சட்டுனு எறங்காது. நானும் காலையிலேர்ந்து இதத்தான் சொல்லிகினு இருக்கேன். இவங்க ஒல்லிதான் வேணும்னு ஒரே பிடியா நிக்கறாங்க."

"கேட்டியா?" முருகவேலின் குரல் தெருவுக்கே கேட்டது. அன்று கிருத்திகை. மலைக்குப் போகிற கூட்டம்கூட நின்று பார்த்தது.

"ஏன் பிடியா நிக்கறான்னு எனக்குத் தெரியும். இவ நிலத்துல கரும்பு. கரும்புக்கு நடுவுல ஓட்டறதுக்கு ஒல்லி டயர் வேணும். தன் கரும்பு நல்லா இருந்தா போதும், ஊரு கழனி சேத்துல முழுகட்டும்! செயலாளர்னு உக்கார வெச்சோமே, எங்களச் சொல்லணும்!"

ப்ளெஸ்ஸியின் முகம் கன்றிப்போயிற்று.

"அண்ணே, என் கரும்புல வரிசைக்கு வரிசை அஞ்சடி. எந்த டயரும் போவும்."

"அப்போ எதுக்குடி ஒல்லி டயரு?"

'டி' என்றதும் ராஜவேலு ஓரடி முன்னால் வந்தான். ப்ளெஸ்ஸி கையைக் காட்டி அவனை நிறுத்தினாள்.

"அண்ணே, கொஞ்சம் அந்தப் பக்கம் வாங்க. தனியா சொல்றேன்."

"தனியா இன்னா பேச்சு? கமிஷன்ல பங்கு தர்றியா?" கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார் முருகவேல். "எதுவா இருந்தாலும் இங்கயே சொல்லு. நாலு பேரு கேக்கட்டும்."

"வேணாம்ணே."

"சொல்லும்மா! மடியில கனமில்லன்னா வாயைத் திறந்து சொல்லு!"

ப்ளெஸ்ஸி ஒரு கணம் கண்ணை மூடினாள். திறந்தபோது அதில் தண்ணீர் இல்லை, நெருப்பு இருந்தது.

"ஆங், சொல்றேன். உங்க கழனியைத் தாண்டி நாலு பேரு நிலம் இருக்குது. கோவிந்தம்மாளோட எழுபது சென்ட்டும் அங்கதான். நாத்து முத்திப்போச்சுன்னு அந்தம்மா தினமும் என் வீட்டு வாசல்ல வந்து நிக்குது. அவங்க நிலத்துக்கு ட்ராக்டர் போறதுக்கு இருக்கறது உங்க வரப்போரமா போற ஒரே பாதை."

முருகவேலின் சிரிப்பு நின்றது.

"வரைபடத்துல அந்தப் பாதை எட்டடி. ஒவ்வொரு உழவுக்கும் நீங்க ஒரு சாண், ஒரு சாணா வெட்டி உங்க கழனியோட சேத்துகினீங்க. போன வாரம் நானும் ராஜவேலுவும் போயி அளந்தோம். மிச்சம் மூணரை அடி. அகல டயர் போட்டா வண்டி மூணே முக்கால் அடி வருது. போவாதுண்ணே."

ராஜவேலு ஆமாம் என்று தலையாட்டினான்.

"குழுவுல இதச் சொன்னா அவங்க நாலு பேரும் மம்பட்டியோட உங்க வீட்டு எதிர்ல வந்து நிப்பாங்க. நடவு நேரத்துல வெட்டு குத்து வேணாம்னுதான் வாயை மூடிகினு, டயரை ஒல்லியாக்கினேன். என்னைத் திட்டினா திட்டிக்கட்டும்னு இருந்தேன்."

அவள் முருகவேலுக்கு எதிரே வந்து நின்றாள்.

"நீங்க சொல்றதும் சரிதான். அகல டயர்தான் நல்லது. உங்க கழனிக்கும் நல்லது, எல்லார் கழனிக்கும் நல்லது. அந்தப் பாதையை விட்டுடறேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. இந்த நிமிஷமே அகல டயரை மாட்டச் சொல்றேன்."

எல்லாரும் முருகவேலையே பார்த்தார்கள். ஜெபஸ்டின் ஜாக்கியைக் கீழே வைக்காமல் காத்திருந்தார்.

முருகவேல் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். யார் கண்ணையும் பார்க்காமல் பைக்கிடம் போனார். இரண்டு உதை உதைத்தபின் அது கிளம்பியது. முகத்தைத் திருப்பாமலே சொன்னார்:

"ஜெபஸ்டின்... அந்த ஒல்லி டயரையே மாட்டிடுப்பா."