கரடியின் அழுகை

நடிகர் செல்போனைச் சோபாவில் விசிறியடித்தார்.

"படம் பார்த்தவங்க எழுதறதைப் பார்த்தியா? கார்ட்டூன் கரடி அழுதப்போ தியேட்டரே அழுதுச்சாம். அது பக்கத்துலயே நின்னு அழுத நான் மரக்கட்டையாம். இத்தனை வருஷமா நடிச்சு, கடைசியில ஒரு பொம்மை என் மானத்தை வாங்கிடுச்சு."

மனைவி நிதானமாகத் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அது அவருடைய எரிச்சலை இன்னும் கிளப்பியது.

"கட்டின புருஷன்னுகூடப் பார்க்காம, அந்தக் கரடியை அப்படியா வரைவே நீ?"

அவள் நிமிர்ந்தாள்.

"நம்ம பொண்ணை பிளேன் ஏத்தி விட்டுட்டு வந்த அன்னிக்கு, சமையலறைச் சுவத்துல சாஞ்சு தனியா அழுதீங்களே, அதைப் பார்த்துதான் வரைஞ்சேன். கரடி உங்களை மாதிரியேதான் அழுதுச்சு. நீங்கதான் கேமராவைக் கண்டதும் நடிக்க ஆரம்பிச்சுட்டீங்க."