தரையைத் தள்ளுகிறவர்கள்

கயிற்றின் நடுவில் கட்டிய சிவப்புத் துணி, யார் பக்கம் போவதென்று தெரியாமல் நடுங்கிக்கொண்டு நின்றது.

அந்தப் பக்கம் மலை மாஸ்டர். இந்தப் பக்கம் ஃபிசிக்ஸ் டீச்சர்.

பந்தயப் பொருள் ஒரு அறை. டீச்சருக்கு அது லேப். மாஸ்டர் அதில் டேபிள் டென்னிஸ் மேஜை போட வேண்டும் என்று எப்போதோ கேட்டு வைத்திருந்தார். ஒரே அறைக்கு இரண்டு பேர் வந்தால் கயிறு இழுத்துத் தீர்த்துக்கொள்வது அந்தப் பள்ளியின் வழக்கம். கேட்டவர் கேட்டதுதான், வாபஸ் கிடையாது. தலைமையாசிரியை தன் நாற்காலியையே இப்படித்தான் பிடித்தாராம். எதிரே இழுத்தவர் இன்றைக்கும் வலது தோளை முன்னால் அனுப்பிவிட்டுத்தான் பின்னால் வருகிறார்.

மலை மாஸ்டர் உடற்பயிற்சி ஆசிரியர். பெயர் பிள்ளைகள் வைத்தது. மலைக்குத்தான் அதில் கொஞ்சம் வருத்தம்.

ஒரு மழைநாளில் சேற்றில் மாட்டிக்கொண்ட பள்ளி வேனை, உள்ளே தூங்கிய டிரைவரை எழுப்பாமல், தனி ஆளாக இழுத்து மேட்டில் விட்டவர் அவர். டிரைவர் விழித்துப் பார்த்துவிட்டு, வண்டியை மறந்துபோய் வேறெங்கோ நிறுத்திவிட்டதாகத் தன்னையே திட்டிக்கொண்டார். அன்றைக்கு மாஸ்டர் காலில் இருந்தது, அடியில் பல் பல்லாக வைத்த ரப்பர் பூட்ஸ். குளிக்கும்போதாவது அதைக் கழற்றுவாரா என்பது ஸ்டாஃப் ரூமில் தீராத சந்தேகம்.

டீச்சரின் அணியில் கணக்கு டீச்சர், பாட்டு டீச்சர், லைப்ரரியன் என்று ஆறு பேர். மொத்தமாகத் தராசில் ஏற்றினாலும் மாஸ்டரின் ஒரு பாதிக்குத்தான் வருவார்கள். பிள்ளைகளிடம் இரவல் வாங்கிய விளையாட்டு ஷூக்களில் நின்றார்கள்.

மாஸ்டரின் ஆட்களோ இஸ்திரி போட்ட சட்டையும் பாலிஷ் போட்ட ஷூவுமாக வந்திருந்தார்கள். போட்டோகிராபர் வருகிறார், ஜோராக வரணும் என்று மாஸ்டர் உத்தரவு போட்டாராம். ஜெயிப்பதற்கு முன்பே போட்டோவா என்று டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆனால் டீச்சரிடம் ஒரு ரகசியம் இருந்தது. அதை லேப்பில் தன் வகுப்புக்கு மட்டும்தான் சொல்லியிருந்தார். கயிறு இரண்டு பக்கமும் ஒரே அளவுதான் இழுக்கும். ஜெயிக்கிறவன் கயிற்றை இழுக்கிறவன் இல்லை, தரையைத் தள்ளுகிறவன். இதை வெளியே சொன்னால் பரீட்சையில் பத்து மார்க்குக்கு இதே கேள்விதான் என்று மிரட்டியும் வைத்திருந்தார். ஒரு பிள்ளைகூட வாய் திறக்கவில்லை.

லேப் ஜன்னலை ஒட்டித்தான் மைதானம். முன்பெல்லாம் பாடத்தின் நடுவே மாஸ்டரின் விசில் வந்து விழுந்துகொண்டே இருக்கும். ஒரு மாதமாகச் சத்தமே இல்லை. போட்டிக்காக மூச்சைச் சேமிக்கிறார் என்று பள்ளிக்கூடமே பேசிக்கொண்டது.

சிவப்புத் துணி இன்னும் நின்ற இடத்தில்தான் நின்றது.

மாஸ்டர் முகத்தில் ஏதோ விருந்துக்கு வந்தவர்போல ஒரு சிரிப்பு இருந்தது. திடீரென்று அது காணாமல் போயிற்று. கழுத்து நரம்பு புடைத்தது. கயிறு வழியாகவே டீச்சருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. இதுவரை இழுத்தது ஒரு ஆள். இப்போது இழுப்பது மலை.

லேப்பின் தராசும் தள்ளுவண்டியும் சாய்பலகையும் மூட்டை கட்டிப் போவது ஒரு நொடி கண்ணில் தெரிந்தது.

"கயித்த மறந்துடுங்க," என்றார் டீச்சர், பல்லைக் கடித்துக்கொண்டு. "பின்னால சாஞ்சு கால மட்டும் ஊனுங்க."

ஆறு பேரும் சாய்ந்தார்கள்.

மலை நகர்ந்தது.

முதலில் ஒரு விரல்கடை. அப்புறம் மாஸ்டரும் பின்னால் ஐந்து பேரும், நின்ற கோலம் மாறாமல், வரிசை கலையாமல், தண்டவாளத்தில் வருகிற மாதிரி வழுக்கிக்கொண்டே வந்தார்கள். கோட்டைத் தாண்டி, கேட்டையும் தாண்டி, தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்ததாகச் சொல்கிறவர்கள் உண்டு. அது பொய். கேட் அன்றைக்குப் பூட்டியிருந்தது.

லேப் லேப்பாகவே இருக்கும் என்று தலைமையாசிரியை அறிவித்தார். பிள்ளைகள் டீச்சரைச் சுற்றிக் கூத்தாடினார்கள். நோஞ்சான் பட்டாளத்திடம் மலை சரிந்துவிட்டது என்று யாரோ பாட்டே கட்டிவிட்டார்கள்.

தோற்றவருக்குக் கை கொடுப்பது மரியாதை என்று டீச்சர் நிமிர்ந்த தலையோடு போனார்.

மாஸ்டர் தரையில் உட்கார்ந்து காலை நீட்டியிருந்தார். கல்யாண வீட்டுக்குப் போடுகிற கறுப்பு ஷூ. மெல்லிய தோல் அடிப்பாகம், ஒரு பல்கூட இல்லை. மேலே பாலிஷ் போடுவதுதான் உலக வழக்கம். இதற்கு அடியிலும் போட்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஐந்து பேரின் ஷூக்களுக்கும் அப்படியே.

போட்டோகிராபர் கடைசி வரை வரவில்லை.

"மாஸ்டர், பூட்ஸ் எங்க?" என்று டீச்சர் மெதுவாகக் கேட்டார்.

மாஸ்டரின் கண் லேப் பக்கம் போய்த் திரும்பியது. ஜன்னலுக்கு வெளியே, விளிம்பில், அந்த ரப்பர் பூட்ஸ் ஜோடியாக உட்கார்ந்திருந்தது. அதற்கு நேர் கீழே, இரண்டு பெரிய பாதங்கள் அளவுக்கு மட்டும், புல் செத்துப்போயிருந்தது.

"விட்டுக்குடுக்கலாம்னுதான் வந்தேன் டீச்சர்," என்றார் மாஸ்டர், வேறு யாருக்கும் கேட்காமல். "நடுவுல ரோஷம் வந்து நெசமாவே இழுத்துட்டேன்."

பேன்ட்டில் ஒட்டிய மண்ணைத் தட்டினார்.

"நீங்க பாடத்துல சொன்ன மாதிரி தரையத்தான் தள்ளினேன். தரை ஒத்துக்கல."