பேர் அடித்த சீட்டு

நம்பாதவர்கள் போய்ப் பார்த்துக்கொள்ளலாம், அந்தக் காட்டில் இருந்தது ஒரே ஒரு யானை. வாழைத்தோப்புக்குக் காவல் அதுதான். ஒருநாள் அது டாக்டர் நாரையிடம் போய், "இடது கண் சுத்தமா தெரியலை, டாக்டரம்மா. வெளியே தெரிஞ்சா வேலை போயிடும்" என்று காதோடு சொன்னது.

"ஆராய்ச்சிக்காக இந்தத் தகவலை அரசாங்கத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் அனுப்பியே ஆகணும். பயப்படாதீங்க, பேரை அடிச்சு நீக்கிட்டுத்தான் அனுப்புவேன்" என்றது நாரை. சொன்னபடியே பேரை அடித்துவிட்டு, 'எடை நாலு டன், தும்பிக்கை ஆறடி, இடது கண்ணில் பார்வை இல்லை' என்று மட்டும் சீட்டில் எழுதியது. அரசாங்கம் அதன்மேல் 'ரகசியம்' என்று முத்திரை குத்தி, நாற்பது பிரதி எடுத்துக் குரங்குகளின் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிவைத்தது.

மறுநாள் முதல் யானை எப்படித் திரும்பி நின்றாலும், அதன் இடப்பக்கத்து வாழைத்தார்கள் மாயமாயின. கடைசியில், கையில் சீப்போடு எதிரே வந்த ஒரு குரங்கை யானை மறித்தது.

"என் கண்ணைப் பத்தி யாருடா உங்களுக்குச் சொன்னது?"

"உங்க கண்ணாண்ணே அது? ஐயையோ, சத்தியமா எங்களுக்குத் தெரியாது! பேரைக் கேக்கவே கூடாதுன்னு சட்டம் இருக்கே" என்று சொல்லிக்கொண்டே, குரங்கு மெல்ல யானையின் இடப்பக்கமாக நகர்ந்தது.